வீட்டு அச்சு வேலைக்குப் பழைய பாணி எழுத்துரு: சில குறிப்புகள்

மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் இருக்கும் நம் வீடுகளில் ஒரே அழைப்பிதழில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே வரும். வீட்டுப் பிரிண்டரில் அச்சடிப்பவர்களுக்கு இவை உதவும்.

1. பூப்புனித நீராட்டு விழா, அறுபதாம் கல்யாணம் போன்றவற்றுக்குக் கோடுகளின் முனையில் சிறு கால் வைத்த செரிஃப் எழுத்துரு நல்ல களை தரும். 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் எழுத்துகளைப் பின்பற்றிய 'ஈபி கராமோன்ட்' இலவசமாகவே கிடைக்கிறது. கனடாவிலேயே பிறந்தது வேண்டுமென்றால் 'கார்ட்டியர்'. நாட்டின் நூற்றாண்டுக்காக கார்ல் டேர் வரைந்து 1967இல் வெளியிட்டார். பேனா ஓடிய தடம் அதில் அழகாகத் தெரியும்.

2. எழுத்துருவை இறக்கியதும் 'சோவே' மெட்ரோ, 'சோ-ஓ-ரெகோலே' என்ற பெயர்களைப் பிரெஞ்சில் அடித்துப் பாருங்கள். அவற்றில் வரும் é போன்ற மேற்குறி எழுத்து இல்லாத எழுத்துருவில் கணினி அந்த ஓர் எழுத்தை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும். சொல்லுக்கு நடுவே அது மட்டும் தடித்தோ மெலிந்தோ நிற்கும். பெரிய எழுத்திலும் சோதியுங்கள். வரி இடைவெளி குறைந்தால் மேற்குறி மேல் வரியில் இடிக்கும்.

3. கடிதவுறையில் கவனம் தேவை. 'ஜார்ஜியா' போன்றவற்றில் எண்கள் பழைய பாணியில் ஏறி இறங்கும்: 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே தொங்கும், 6, 8 மேலே எழும், 0 குட்டையாகி ஆங்கில 'ஓ' போலவே தெரியும். அட்டையில் ஆண்டு போட அது அழகுதான். நம் அஞ்சல் குறியீட்டிலோ எழுத்தும் எண்ணும் மாறி மாறி வருகின்றன. 'ஓ', 'ஐ' என்ற எழுத்துகளைக் கனடா போஸ்ட் குறியீட்டில் சேர்ப்பதே இல்லை. அப்படியிருக்க நாமாகக் குழப்பத்தை உண்டாக்கக் கூடாது. முகவரிக்கு எண்கள் ஒரே உயரத்தில் நிற்கும் சாதாரண எழுத்துருவே சரி.

4. தமிழுக்கு 'டீரோ தமிழ்' நல்ல துணை. கனடாவின் டீரோ டைப்வொர்க்ஸ் தந்தது, இலவசம். பழைய புத்தகங்களின் தடிப்பும் மெலிவும் அதில் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்ததை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தாகிவிடும். பிறகு பிரெஞ்சு வரியும் தமிழ் வரியும் ஒரே உயரமாகத் தெரியும்வரை அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

5. வயதானவர்கள் வாசிக்க 14 பாயிண்ட் வையுங்கள். முழுப் பத்தியையும் சாய்வெழுத்தில் விடாதீர்கள்.

6. கறித்தூள், ஊறுகாய்ப் போத்தல் லேபிளுக்கு 'போடோனி' வகை வேண்டாம். அதன் மெல்லிய கோடுகள் சிறிய அளவில் அறுந்துபோகும். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும் என்பதால், ஃப்ரீசருக்குப் போகும் டப்பாக்களின் லேபிள் மேல் கண்ணாடி டேப்பை ஓரம்வரை ஒட்டிவிடுங்கள்.