பதக்கத்தோடு காகிதமும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

தாத்தாவின் வாயு சேனா பதக்கத்தை அம்மா உன் பொறுப்பில் விட்டுவிட்டாள் என்று கேட்டு மனசு நிறைந்தது. தீபாவளிக்குள் பளபளவென்று தேய்த்து ஹாலில் மாட்டப் போகிறாயாமே. தேய்க்காதே, கண்ணு. அந்தக் கருப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் படிந்து வந்தது, அப்படியே இருக்கட்டும். விபூதி போட்டுத் தேய்ப்பது பூஜைச் சாமானுக்குச் சரி. பதக்கத்தில் தேய்க்கத் தேய்க்க வெள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், தாத்தாவின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் மழுங்குவது அதுதான்.

ரிப்பனில் சாம்பல் நிறமும் காவியும் சாய்கோடாக ஓடுகின்றன, இல்லையா? மங்கிவிட்டது என்று புதிது வாங்கி மாற்றாதே. அவர் நெஞ்சில் இருந்தது இந்தத் துணி. வெயில் படாத இடமாகப் பார்த்து வை. ரப்பர் பேண்டும் பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், இரண்டும் வெள்ளிக்கு ஆகாது. துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி போதும்.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. அந்தப் பதக்கத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் காகிதம் எங்கே இருக்கிறது? அதைத் தேடு. காகிதம் தொலைந்த வீட்டில் பேரன் பேத்தி காலத்தில் பதக்கம் எடைக்குப் போய்விடுகிறது.

காகிதத்தின் அருமை என்றதும் விமானப்படை குரூப் கேப்டன் வருண் சிங்கை நினைத்துக்கொள்கிறேன். 2020 அக்டோபர் 12 அன்று, உயரத்தில் அவருடைய தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதாயின. குதித்துத் தப்பியிருக்கலாம், விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். அதற்காக சௌரிய சக்ரா பதக்கம் கிடைத்தது. சில வாரங்களில், தான் படித்த சண்டிமந்திர் ராணுவப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் சராசரி மாணவன்தான் என்று சொல்லி, மார்க் குறைந்த பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுத்த கடிதம். அந்த வெண்கல வட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இந்த மனுஷர் தெரியவே மாட்டார்.

2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத்தோடு விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரில் அவரும் இருந்தார். சூலூரிலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்ஐ-17, வெலிங்டனில் 12.15க்கு இறங்க வேண்டியது. 12.08க்குத் தொடர்பு அறுந்தது. பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை தடுமாறியது என்று விசாரணையில் சொன்னார்கள். குன்னூர் நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள்தான் வீட்டுப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினார்கள். 13 பேர் அன்றே போய்விட்டார்கள். வருண் சிங் ஒரு வாரம் போராடி, 15ஆம் தேதி பெங்களூரில் இறந்தார்.

ஜெனரல் பிபின் ராவத்தின் பெயரை ஊரே சொல்லும். லான்ஸ் நாயக் சாய் தேஜா, ஹவில்தார் சத்பால், ஹெலிகாப்டர் குழுவில் பறந்த ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் பிரதீப், ராணா பிரதாப் தாஸ் — இவர்களை எத்தனை பேர் சொல்வார்கள்? எனக்கு இது ஆறவே இல்லை.

அதனால் ஒன்று செய். தாத்தாவுடைய ஸ்குவாட்ரன் குரூப் போட்டோவின் பின்னால், பென்சிலால், இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரும் எழுது. பறந்து திரும்பாதவர்களுக்குத் தேதியும் சேர். தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் தாம்பரத்தில் இருக்கிறார்கள். அம்மாவிடம் நம்பர் இருக்கிறது. அரையாண்டு லீவு வரைக்கும் தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்வா.

அன்புடன்,
மாமா