கிழமைக் கடனும் கைக்காசும்: வன்னிச் சகோதரிகள் தரும் பாடம்



சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சம்பளக் காசு லயத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அதில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் காத்திருப்பார்கள். கடைப் பற்று, சீட்டுக் காசு, தவணைக்கு எடுத்த டீவி, பிறகு கிழமைக் கடன். இவற்றில் கடைசியாகச் சொன்ன கிழமைக் கடனைப் பற்றித்தான் இந்த இதழில் படிக்கப் போகிறோம்.

கடன் வாங்குவது குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கும், வீட்டுக் கூரைக்கும், வைத்தியச் செலவுக்கும் கடன் வாங்காத வீடு எது? ஆனால் கடனைக் கேட்டு, எண்ணி, எழுதி வாங்க வேண்டும். அப்படி வாங்க முடியாமல் போனவர்கள் பட்ட பாட்டை வன்னியில் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

பாவனையாளர் என்பவர் யார்?

கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கினால் நாம் பாவனையாளர். இதையே நுகர்வோர் என்றும் சொல்வார்கள். நமக்காக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்ததுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி கடையில் வைக்க வேண்டும். நாம் கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். இவை எல்லாம் கடைக்காரர் நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல, சட்டப்படி அவருடைய கடமை. அரசாங்கம் விதித்த உச்ச விலையை மீறி விற்பவருக்கான தண்டம் 2021இல் பெருமளவு கூட்டப்பட்டது. தனி வியாபாரி என்றால் ஒரு லட்சம் ரூபாவிலிருந்து ஐந்து லட்சம் ரூபா வரை.

கடன் வாங்குபவரும் அதேபோல் ஒரு பாவனையாளர்தான். கடன் என்பது விற்கப்படும் ஒரு பொருள், அதன் விலைதான் வட்டி. பருப்பின் விலையைக் கேட்டு வாங்கும் நாம், காசின் விலையைக் கேட்காமல் கையெழுத்து வைக்கலாமா?

வன்னியில் நடந்தது

வன்னி நமக்கு அந்நியமான இடமல்ல. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் சின்னம்மா மகளும் அந்தப் பக்கம்தான்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. வன்னிச் சனங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பினார்கள். வீடு இல்லை, மாடு இல்லை, நகை இல்லை. பல வீடுகளில் ஆம்பிளையும் இல்லை. அந்த நேரத்தில் ஏ9 வீதி நெடுக வங்கிகளும், லீசிங் கம்பனிகளும், நுண்கடன் கம்பனிகளும் கிளை திறந்தன. ஈடு கேட்கவில்லை, அடையாள அட்டையும் குழுவும் இருந்தால் போதும் என்றார்கள். காசு வீட்டு வாசலுக்கே வந்தது.

குழு என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பது. கிழமைக்கு ஒரு நாள் கூட்டம், அன்றைக்கே தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். நல்லது போலத்தான் தெரியும். ஆனால் வானம் பொய்த்தால் வன்னியில் கையில் காசு ஏது? 2016, 2017ஆம் ஆண்டுகளில் கடும் வரட்சி. வயல் காய்ந்தது, கூலி வேலை குறைந்தது. ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் வாங்கினார்கள். அதைக் கட்ட மூன்றாவது.

எங்கள் தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "அண்ணே, முதல்ல கோழி வளர்க்கத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி கட்டலைன்னு என்னையும் கூட்டத்தில எழுந்திரிக்க விடலை. பொழுது சாயும் வரைக்கும் அந்தாள் திண்ணையிலேயே குந்தியிருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்து அழுதா. அந்த வெக்கத்தில தோட்டைக் கழட்டிக் குடுத்தேன்."

எவ்வளவு வட்டி என்று கேட்டோம். "தெரியாதண்ணே. கிழமைக்கு இவ்வளவுன்னு மட்டும் சொன்னாங்க" என்றாள். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாள். முழுவதும் இங்கிலீசில் இருந்தது. கையெழுத்து மட்டும் தமிழில்.

அவளைக் குறை சொல்ல நமக்கும் வாய் இல்லை. நாமும் முன்பு ஒருதரம் கூட்டாளி ஒருவருடைய கடன் பத்திரத்தில் வாசிக்காமலே சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறோம். படித்த உத்தியோகத்தருக்கே அந்தக் கதி!

ஒரு கணக்குப் பார்ப்போம்

50,000 ரூபா கடன், வருட வட்டி நூற்றுக்கு 24, தவணை 52 கிழமை என்று வைப்போம்.

முதல் முறையில், முழுத் தொகைக்கும் முழு வருட வட்டி போடுவார்கள். வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. இதை நிலையான வட்டி என்பார்கள்.

இதில் எங்கே பிழை? 26ஆம் கிழமை முடியும்போது பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கையில் இருக்கும் அவர்களுடைய காசு 25,000 மட்டும். ஆனால் வட்டி கட்டுவதோ இன்னும் 50,000க்கு! கடைசிக் கிழமையிலும் அதே வட்டிதான்.

இரண்டாவது முறையில், மிச்சம் இருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போடுவார்கள். இது குறைந்து செல்லும் வட்டி. அதே நூற்றுக்கு 24க்கு வருடம் முழுவதும் கட்ட வேண்டிய வட்டி ஏறத்தாழ 6,350 ரூபாதான்.

வாயால் சொல்லும்போது இரண்டும் "இருபத்துநாலு வீதம்". காசாகக் கட்டும்போது ஒன்று மற்றதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் முறையின் உண்மையான வட்டி நூற்றுக்கு 40ஐத் தாண்டிவிடும். இதற்கு மேல் பத்திரச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே 2,500 ரூபாவை வெட்டிக்கொண்டு கையில் 47,500 கொடுத்தால் அது 50ஐயும் தாண்டும்.

ஆகவே வீதத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: "என் கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேணும்?" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கடனின் விலை.

அரசாங்கம் என்ன செய்தது?

வன்னிப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பதாகை பிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். கடன் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களைப் பற்றியும் அந்த நாட்களில் செய்திகள் வந்தன. 2018இல் அரசாங்கம் ஒரு நிவாரணம் அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பதிவு செய்த நிதி நிறுவனங்களில் எடுத்து, 2018 ஜூன் இறுதியில் மூன்று மாதமோ அதற்கு மேலோ பாக்கி நின்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வது என்பதே அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அதில் அடங்கின. வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 35ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அப்போது அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதிவில்லாத இடத்தில் வாங்கியவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. பிள்ளையைப் பட்டினி போட்டாவது தவணையைத் தவறாமல் கட்டியவர்களுக்கும் இடமில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதாவது நம் மலையகத்துக்கு அந்த நிவாரணம் வரவில்லை. இது இனப் பிரச்சினையும் அல்ல. 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

நிவாரணம் எப்போதாவது ஒருதரம் வரும், வராமலும் போகும். சட்டம் தந்த உரிமை எப்போதும் நம்மோடு இருக்கும். அதனால்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

இப்போது என்ன பாதுகாப்பு?

நுண்நிதிக் கம்பனிகள் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது. 2020இல் இலங்கை மத்திய வங்கி, நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்ற பிரிவைத் தொடங்கியது. 2023இல் நிதி வாடிக்கையாளர் பாதுகாப்புக்கென்றே ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்கள் வட்டியையும் கட்டணங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும், முறைப்பாட்டைக் கேட்டுப் பதில் தர வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

கையெழுத்து வைக்கும் முன்னும் பின்னும்

1. "மத்திய வங்கி அனுமதி இருக்கா?" என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் 1935 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள்.

2. பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காவிட்டால் "நாளைக்குப் போடுறேன்" என்று சொல்லுங்கள். இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

3. எழுதாத, வெற்றுப் பத்திரத்தில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். பத்திரத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

4. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த உறைதான் உங்கள் சாட்சி.

5. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். கஷ்டம் என்றால் முதலிலேயே கம்பனிக்குப் போய், தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

6. கம்பனியோடு பிரச்சினை என்றால் முதலில் அந்தக் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கி, 1935.

7. கடைச் சாமான், தவணைச் சாமான், விலை, தரம் பற்றிய முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977. எழுத்து மூல முறைப்பாட்டைச் சாமான் வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும்" என்று இருந்தால் காலம் போய்விடும்.

8. மிரட்டினாலோ, தகாத வார்த்தை பேசினாலோ, தனியாக வரச் சொன்னாலோ மறைக்க வேண்டாம். அது கடன் விஷயம் அல்ல, குற்றம். பொலிஸில் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வழக்கு என்று வந்தால் வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும்.

மனம் உடைந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் பாக்கி மானக்கேடு அல்ல. எந்தக் கடனும் ஒரு தாயின் உயிருக்கு ஈடாகாது. யாரிடமாவது பேசுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கூட்டாக நின்றால்

வன்னியில் குழு என்பது வசூல் செய்வதற்கான கயிறாக ஆனது. அதே குழு நம்மைக் காக்கும் வேலியாகவும் ஆகலாம். அங்கே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. உறுப்பினர் போடும் சேமிப்பே அங்கே உறுப்பினருக்குக் கடனாகிறது. வட்டி வெளியே போகாமல் சங்கத்துக்குள்ளேயே நிற்கிறது. நம் தோட்டங்களிலும் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கம்பனிக்காரரைக் கேட்கும் முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தங்கச்சி இப்போது அவளூர் சங்கத்தில் கணக்குப் புத்தகம் எழுதுகிறாள். யாராவது கடன் பத்திரத்தோடு வந்தால் முதலில் அவள் கேட்பது: "கைக்கு எவ்வளவு? மொத்தம் எவ்வளவு?"

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் இப்போது உள்ள கடனுக்குக் கையில் வந்தது எவ்வளவு, மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு? பிள்ளைகளைக் கொண்டு எழுதிப் பாருங்கள்.
2. அந்தக் கடன் பத்திரம் எந்த மொழியில் இருக்கிறது? பிரதி உங்களிடம் இருக்கிறதா?
3. உங்கள் லயத்தில் பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் எத்தனை?

விடைகளோடு அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வாருங்கள். பத்திரத்தையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.