கல்லை எடுத்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நிலவடிவமைப்பு படித்துவிட்டுச் சொந்த ஊரான செஞ்சியிலேயே வேலை பார்க்கப் போகிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. நல்ல நேரத்தில் வருகிறாய். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் கோட்டை ஒன்றுதான். இனி வண்டிகள் கூடும். நிறுத்த, நிற்க, உட்கார இடம் கேட்பார்கள். இடம் என்றாலே பேவர் பிளாக் பதிப்பது என்பது தமிழ்நாட்டில் கோயில் வாசல் முதல் பேருந்து நிலையம் வரை ஊறிப்போன பழக்கம். பதித்ததைப் பெயர்த்து நிழல் கொண்டுவருவதுதான் உன் வேலையாக இருக்கப்போகிறது.

பாரிஸில் வெறும் ரவுண்டானாவாகக் கிடந்த கத்தலோஞ் சதுக்கத்தை 2024-இல் ஏறக்குறைய 470 மரங்களோடு திறந்தார்கள். அந்தப் படங்களை எல்லோரும் உனக்கு அனுப்புவார்கள். நீ அதற்கு முன் கடப்பாரையால் ஒரே ஒரு பிளாக்கை நெம்பிப் பார். கீழே எம்-சாண்ட், அதற்குக் கீழே ஜல்லி, அதற்கும் கீழே ரோலர் ஏறி இறுகிய செம்மண். எறும்பு இருக்காது, வேர் இருக்காது. ஓர் அடி குழி எடுத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்று. அது எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது என்று பார். அந்தக் குழியில் கன்று நட்டால் தொட்டியில் நட்டது போலத்தான்: மழையில் வேர் அழுகும், சித்திரையில் காயும். ஆகவே கல்லோடு ஜல்லியையும் அள்ளி, மூன்றடி ஆழமாவது மண்ணைக் கிளறி, மட்கிய எருவும் இலைச்சருகும் கலந்துவிடு. அதோடு, தனித்தனிக் குழி வேண்டாம். நீளவாக்கில் ஒரே பாத்தியாகத் திற. வேர் ஓட இடம் கிடைக்கும், மழைநீரும் உள்ளே இறங்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதை நீ மறந்திருக்க மாட்டாய். அவ்வளவு மழையை எந்தப் பாத்தியும் தாங்காது. சாதாரண ஐப்பசி மழையை நிச்சயம் குடிக்கும்.

ஏற்கெனவே நிற்கும் மரங்களை முதலில் காப்பாற்று. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. கழுத்து இறுகி நிற்கும் ஒரு வேம்பை விடுவிப்பது நூறு கன்று நடுவதைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாக வைப்பதென்றால் புங்கன், இலுப்பை, மகிழம், நாவல், உசிலை வை. கோனோகார்ப்பஸ் பக்கம் போகாதே. தமிழக அரசே 2025-இல் அதற்குத் தடை போட்டுவிட்டது. புல்தரையும் வேண்டாம், அது கோடையில் ஊரின் குடிநீரைக் கேட்கும். கோட்டைச் சுவரை ஒட்டி அரசும் ஆலும் கூடவே கூடாது. பறவை எச்சத்தில் விழுந்த விதையே கல் இடுக்கைப் பிளந்துவிடுகிறது, நாமும் ஏன் நட வேண்டும்? பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை; எல்லைக்குள் ஒரு குழி எடுப்பதானாலும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். வரைபடம் போடும் முன்பே அவர்களிடம் போய்ப் பேசு.

இடத்தை முழுக்கப் பச்சையாக்க ஆசைப்படாதே. தேர் திரும்ப, பந்தல் போட, மணிலா மூட்டை இறக்க வெற்றிடம் வேண்டும். நுங்கு விற்கும் அம்மா காலை எங்கே உட்காருகிறார், பதினொரு மணிக்கு எங்கே நகர்கிறார், மூன்று மணிக்கு எந்தச் சுவரோரம் ஒதுங்குகிறார் என்று கவனி. நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக உனக்கு யாரும் சொல்ல முடியாது. பூங்கா என்று பெயர் வைத்துக் கம்பிவேலி போட்டு அவரை வெளியே தள்ளிவிட்டால் அது என்ன பொது இடம்?

கல் பெயர்க்கும் வேலையை ஆவணியில் முடி. புரட்டாசியில் முதல் மழை பார்த்து நடு. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள் கூலியை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுது. செலவைக் குறைக்கச் சொன்னால் கன்றுகளின் எண்ணிக்கையைக் குறை, அந்த வரியில் மட்டும் கை வைக்க விடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்