டியூபில் ரத்தம் இல்லை என்றால்…

வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள், வார்டு வாசலில் கட்டாயம் காதில் விழும் பேச்சு: "டியூப்ல ஒண்ணும் வரல. இனி பயமில்ல."

நம்பிக்கை: வயிற்றில் வைத்த வடிகால் டியூப் காலி என்றால் உள்ளே ரத்தக் கசிவு இல்லை.

உறைந்த ரத்தமே டியூபின் துளைகளை அடைத்திருக்கலாம். குடலுக்குள் கசிந்தால் டியூபுக்கு வர வழியே கிடையாது. டியூப் கிடப்பது குடலுக்கு வெளியே. அதனால்தான் நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து நாடி பார்க்கிறார். 80-ல் இருந்த நாடி 120-க்கு ஏறினால் அதுவே பெரும்பாலும் முதல் தகவல். பிரஷர் வெகுநேரம் சமாளிக்கும். திடமான உடம்பில் ஏறக்குறைய 30 சதவீத ரத்தம் போன பிறகே சரியும். ஹீமோகுளோபினும் உடனே இறங்காது. சட்டியிலிருந்து இரண்டு கரண்டி ரசத்தை எடுத்துவிட்டால் மிச்ச ரசம் நீர்த்தா போகிறது? தண்ணீர் சேர்ந்தால்தானே தெரியும்!

நம்பிக்கை: முதல் நாளைத் தாண்டினால் கண்டம் தாண்டியாயிற்று.

24 மணி நேரத்துக்குள் வரும் கசிவுக்கு, ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியதோ ஸ்டேப்ளர் போட்ட இடமோ காரணமாக இருக்கும். கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷனில் கதை வேறு. தையலிலிருந்து கணைய நீர் ஒழுகினால், பக்கத்து ரத்தக்குழாயின் சுவரை அது மெல்ல அரிக்கும். சுவர் புடைத்து, ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட வெடிக்கலாம். அதற்கு முன்னால் பல நேரம் இரண்டு ஸ்பூன் ரத்தம் வந்து, தானாகவே நின்றுவிடும். வீட்டார் "நின்னுடுச்சு" என்று பெருமூச்சு விடுவார்கள். சர்ஜனோ அந்த இரண்டு ஸ்பூனைப் பார்த்ததும் சி.டி. ஆஞ்சியோவுக்கு ஆள் அனுப்புவார். புடைப்பு தெரிந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச்சுருள் வைத்து அடைப்பார்கள். மறுபடி வயிற்றைத் திறக்கும் அவசியம் பலருக்கு வராது. பிரஷர் நிற்காமல் சரிந்துகொண்டே போனால் மட்டும் தியேட்டருக்குத்தான்.

நம்பிக்கை: ரத்தம் எவ்வளவு ஏற்றினாலும் நல்லதே.

கொட்டிக்கொண்டிருக்கும்போது கணக்குப் பார்க்க மாட்டார்கள். நின்ற பிறகு, இதயநோய் இல்லாதவர்களுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவது இன்றைய வழக்கம்.

நம்பிக்கை: மலம் கறுத்தால் உள்ளே ரத்தம்தான்.

இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, நாற்றம் குடலைப் புரட்டினால் மாத்திரை மேல் பழி போடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தாலும் சரி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.