கழிவுநீர் ஆய்வுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

கழிவுநீர்க் கண்காணிப்புப் பிரிவில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. நுண்ணுயிரியல் படித்துவிட்டுச் சாக்கடைத் தண்ணீரையா சோதிக்கப் போகிறாய் என்று வீட்டில் வருத்தப்படுகிறார்களாமே. அவர்களுக்குப் போலியோவின் கணக்கை எடுத்துச் சொல். அந்த வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியதே தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் அவர்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும். மருத்துவமனைக்கு வருவது அந்த ஒருவர்தான். மற்றவர்களைப் பற்றிய தகவல் கழிவுநீரில்தான் கிடைக்கும்.

2013இல் தெற்கு இஸ்ரேலின் ரஹாத் நகரக் கழிவுநீரில் காட்டுவகைப் போலியோ வைரஸ் தென்பட்டது. அந்நாட்டில் 2005 முதல் ஊசி மருந்து மட்டுமே போட்டு வந்தார்கள். ஊசி முடக்கத்தைத் தடுக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் நன்றாக ஓடியாடும் பிள்ளைகளிடையே அது பரவிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு குழந்தைகூட முடங்கவில்லை.

நம் நாட்டில் இந்த வேலை 2001இல் மும்பையில் தொடங்கியது. 2011 ஜனவரிக்குப் பிறகு காட்டுவகை வைரஸால் இங்கே எந்தக் குழந்தையும் முடங்கவில்லை. அப்படியும் மாதிரி எடுப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

மாதிரி எடுப்பதில் அலட்சியம் வேண்டாம். கழிப்பறைப் புழக்கம் மிகுந்த காலை நேரத்தில் எடு. ஓடும் நீரின் நடுவில் மொள். நுரையையும் குப்பையையும் தவிர். இடம், தேதி, நேரம் மூன்றையும் அங்கேயே குடுவைமேல் எழுதி, உடனே ஐஸ் பெட்டியில் வை. சாக்கடை மூடியைத் திறந்து தரும் தூய்மைப் பணியாளருக்கும் கையுறை கொடு. எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் குழிக்குள் இறக்காதே. கயிறு கட்டிய வாளி போதும்.

ஆய்வகத்தில் பொறுமை வேண்டும். மாதிரியை ஏற்றிப் பார்க்கும் எல்20பி என்பவை எலியின் செல்கள். போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித ஏற்பி அவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடுவையின் அடியில் ஒட்டிப் படர்ந்திருக்கும் அவை, வைரஸ் புகுந்ததும் உருண்டு திரண்டு பிடிவிட்டு மிதக்கும். நாள்தோறும் நுண்ணோக்கியில் பார். 5 நாளில் மாற்றம் தெரியாவிட்டால் புதிய செல்களில் ஏற்றி மறுபடி பார். அதன் பிறகே முடிவை எழுது.

அப்போதும், வைரஸ் தென்படாத ஒரு குடுவையை வைத்து ஊரே தப்பித்தது என்று சொல்லிவிடாதே. மழைநீர் கலந்து வைரஸ் நீர்த்துப் போயிருக்கலாம். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களின் கழிவு நீ மாதிரி எடுக்கும் இடத்துக்கு வந்தே இருக்காது. அந்தத் தெருக்களை வரைபடத்தில் குறித்து, அங்குள்ள திறந்த கால்வாய்களிலும் எடுக்க வேண்டுமென்று கேள்.

காசாவில் 2024 ஜூன் 23 அன்று எடுத்த மாதிரிகளில் வைரஸ் இருந்தது. போருக்கு நடுவே சொட்டு மருந்து முகாம் தொடங்கியது செப்டம்பர் 1 அன்று. அதற்குள் 10 மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் முடங்கிவிட்டது. ஆகவே, முடிவு கைக்கு வந்த அன்றே சுகாதார அதிகாரிக்குத் தெரிவி. எந்தப் பகுதியில் வைரஸ் கிடைக்கிறதோ அங்கே மருந்து போகட்டும். அந்த மக்கள்மேல் பழி விழ இடம் கொடுக்காதே.

அறிக்கையைக் கோப்பில் வைத்ததும் கடமை முடிந்தது என்று நினைக்காதே, தம்பி. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கிடைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள். கிடைக்கவில்லையென்றால், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு.

அன்புடன்,
உன் அண்ணன்