இருநாட் செலவு: பூம்புகாரும் தரங்கம்பாடியும்

'செலவு' என்னுஞ் சொல் பண்டைத் தமிழில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதலையே குறித்தது. இக்காலத்தார் அதனைக் கைப்பொருள் கழிவதற்கே உரிய சொல்லாக்கிவிட்டனர். விடுதியில் உறையும் மாணாக்கர்க்கோ அவ்விரு பொருளும் ஒருங்கே நிகழ்வன. சனியும் ஞாயிறுமாகிய இரண்டே நாட்கள், கையில் சிறுதொகை, உடன் வருவார் நால்வர்: இவ்வளவில் ஒரு கடற்கரைப் பட்டினத்தைக் கண்டு பயன்கொண்டு மீளுதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள். எடுத்துக்காட்டாக மயிலாடுதுறைக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையைக் கொள்வாம்.

குறும்பயணங்கள் பெரும்பாலும் கெடுவது இடமின்மையால் அன்று, இடம் மிகுதியால். சீகாழி, பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என இக்கரை நெடுகிலும் ஊர்கள் மணிகோத்தாற்போல் அமைந்துள்ளன. நிலப்படத்தை விரித்த மாத்திரத்தே எல்லாவற்றையும் ஒரே வீச்சிற் கண்டுவிடலாம் என்னும் ஆசை எழும். அங்ஙனம் சென்று வந்தோரை வினவினால், அவர்கள் நன்கு விரித்துரைப்பன பேருந்து நிலையங்களே. ஆதலின் முதற்கண் ஒரு வினாவை வகுத்துக்கொண்டு, அதற்கு விடை தாராத ஊர்களை, அவை எத்துணைச் சிறப்புடையனவாயினும், விலக்குதல் வேண்டும். யாம் வகுத்த வினா, 'துறைமுகப் பட்டினம் ஒன்று தன் வாணிகத்தை இழந்தபின் எஞ்சி நிற்பது யாது?' என்பது. இதற்குப் புகார் ஒருவிதமாகவும், தரங்கம்பாடி வேறொருவிதமாகவும் விடை தருகின்றன. புகாரில் எஞ்சியது பாட்டு. தரங்கம்பாடியில் எஞ்சியன கல்லும் அச்செழுத்தும். எனவே புகாரைப் படித்தபின் காணல்வேண்டும். தரங்கம்பாடியைக் கண்டபின் படித்தல்வேண்டும். பயண ஒழுங்கு முழுவதும் இவ்வொன்றினின்றே பிறக்கும்.

சனிக்கிழமை காலை மயிலாடுதுறையில் புகைவண்டியினின்று இறங்கினால், பூம்புகார் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். படியாது சென்றவர்க்கு அங்கே காணக்கிடப்பது சிறிதே: மணற்பரப்பு, மீனவர் படகுகள், 1970களில் அரசினர் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், கடலொடு கலக்கும் காவிரி. அக்காவிரியும், திருச்சிராப்பள்ளியில் அதன் அகலத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு, ஒரு வாய்க்கால்போல் தோன்றும், வேனிலில் அதுவுமில்லை. நண்பர் பலர் 'இதுதானா புகார்?' என்று அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவது இதனாலேயே.

ஆதலின் பயணத்திற்கு ஒரு வாரம் முன்னரே நூல்களைப் பகிர்ந்துகொள்ளல் நலம். ஒருவர் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையையும், மற்றொருவர் கானல்வரியையும், மூன்றாமவர் பட்டினப்பாலையையும், நான்காமவர் மணிமேகலையில் நகர் கடல்கொள்ளப்பட்ட செய்தியையும் படித்து வருக. கரையில் அமர்ந்து ஒவ்வொருவரும் தாம் படித்ததை உரைத்தபின், கடலுக்கு முதுகு காட்டி மேற்கு நோக்கி நடத்தல்வேண்டும். கடலையடுத்து அயல்நாட்டாரும் விலைஞரும் தொழில்வினைஞரும் உறைந்த மருவூர்ப்பாக்கம். அதற்கு மேற்கே அரசரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம். இரண்டிற்கும் இடையே சோலையில் கூடிய நாளங்காடி. இளங்கோவடிகள் வகுத்துக்காட்டும் இவ்வமைப்பு நடையிலேயே விளங்கும். நூலிற் கண்ட இடம் இதுவே என்று நிலத்தின்மேற் கோடிடுதல் இயலாதுதான். எனினும் ஒழுங்கு மனத்திற் பதியும். கோவலனும் கண்ணகியும் இருள் புலருமுன் நகர் நீங்கியதும் இம்மேற்றிசை நோக்கியே.

பட்டினப்பாலையைப் பற்றி ஒன்று சொல்லாதிருக்க இயலவில்லை. 301 அடிகளில் புகாரின் வளத்தையும், பண்டங்களின்மேல் புலிப்பொறி இடப்பட்ட வகையையும், கரிகாற் பெருவளத்தான் வெற்றியையும் அத்துணை விரித்துரைக்கும் அப்பாட்டு, உண்மையில் பயணம் போகாமைக்கு ஓர் ஏது! அத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சிற்குக் கூறுவதாகவே அஃது அமைந்துள்ளது. புகாரைக் காணப் புறப்படுவோர்க்கு முதல் வழிகாட்டி, புறப்பட மறுத்தவன் கூற்றாய் அமைந்தது நகைச்சுவைதானே!

கீழையூரில் 1962–63-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வில், படகுகள் கட்டுதற்குரிய செங்கல் மேடையும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரத்தின் அடிப்பகுதி கிடைத்தது. பாட்டிற்கு மண் அளித்த சான்றுகள் இவை. நண்பகலுக்குள் இவற்றைக் கண்டுவிடலாம். கலைக்கூடம் திறந்திருக்குமோ என முன்னரே கேட்டறிக. கடலில் இறங்கி நீராடுதல் வேண்டா, நீரோட்டம் வலிது.

மாலையில் திருக்கடையூர் வழியாகத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்று தரங்கம்பாடியில் இரவு தங்குதல் நன்று. மயிலாடுதுறையிலிருந்து இவ்வூர்க்கு 1926-இல் அமைந்த இருப்புப்பாதை 1986-இல் நிறுத்தப்பட்டமையின், இன்று பேருந்தே துணை.

ஞாயிறு விடியலில் கரைக்குச் செல்க. மாசிலாமணிநாதர் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கீழ்ப்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மணிமேகலையில் நாம் படித்த கடல்கோள் வெறுங்கற்பனைபோல் தோன்றியிருப்பின், அவ்வெண்ணம் இங்கு மாறும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த குடும்பங்கள் இக்கரையில் உள. ஆதலின் அங்குள்ளாரிடம் அதுகுறித்து வினவுங்கால் அடக்கம் வேண்டும். அவராகச் சொன்னாற் கேட்பதே தகுதி.

கோட்டையையும் ஆலயத்தையும் தனித்தனியே காண்பது வழக்கம். யாம் அவற்றைச் சேர்த்துக் காண்க என்போம். டேனியர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று 1620-இல் டான்சுபோர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் இக்கரையில் இறங்கினர். இருவரும் டேனிய மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப வந்தவர்கள். ஆயினும் அம்மன்னரின் ஆளுநரே 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்குவைச் சிறையிட்டு, ஏறத்தாழ நான்கு திங்கள் கோட்டையில் அடைத்துவைத்தார். மிஷன் வரலாற்றை அரசும் திருச்சபையும் கைகோத்து நடந்த கதையாக மட்டும் சொல்வோர் இவ்வறையை ஒருமுறை கண்டுவரல் நலம். அங்கிருந்து சிறிது தொலைவில், இராசவீதியில், 1718-இல் முடிவுற்ற புதிய எருசலேம் ஆலயம் நிற்கின்றது. அதன் முகப்பில் அம்மன்னரின் முடியும் பெயர்க்குறியும் விளங்கும். அடுத்த ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள் தம் 36-ஆம் அகவையில் மறைந்த சீகன்பால்கு, அவ்வாலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஞாயிறு ஆராதனையிற் கலந்துகொண்டபின் அவ்விடத்தே சிறிது நிற்கலாம்.

தமிழின் முதல் அச்சுக்கூடம் இவ்வூரதே என்று சிலர் பெருமை பேசுவர், அது பிழை. தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578-இலேயே கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடிக்குப் பொய்ப்பெருமை வேண்டா; மெய்ப்பெருமையே போதும். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதியும் இங்கு அச்சேறின. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்களை இவ்வூரிலேயே வார்த்துக்கொண்டனர். தாள் செய்த பட்டறையின் நினைவு, பொறையாற்றை அடுத்த கடுதாசிப்பட்டறை என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் நிற்கின்றது.

காலம் குறித்துச் சில சொல்வாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், விலக்கத்தக்கது. தை, மாசி ஏற்றவை. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் புகாரில் நீராடுவோர் பெருந்திரளாகக் கூடும் நாட்கள். அத்திரளைக் காண விரும்புவோரே அன்று செல்க. கோட்டை அருங்காட்சியகம் வாரத்தில் அடைக்கப்படும் நாளைக் கேட்டறிதல் நன்று. நால்வருக்கு மேற்படின் உணவிற்கும் உறையுளுக்குமே பொழுது கழியும்.

திங்கட்கிழமை கல்லூரி மீண்டதும் நூலகத்தை நாடுக. சீகன்பால்கு மணலில் எழுதும் சிறுவரோடமர்ந்து தமிழ் கற்றதும், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி 1708-இல் பட்டியல் எழுதியதும், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியிற் பெயர்த்ததும், ஊரைக் கண்டபின் படித்தால் வேறுவிதமாகச் சுவைக்கும். தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூலை ஹாலேயிலிருந்த மேலோர் அச்சிட மறுத்தனர். அது 1867-இல் சென்னையிலேயே முதலில் அச்சேறிற்று.