எறும்பு எங்கே போகிறது?

இரவல் காணியில் நட்ட நாலு பயிற்றங்கொடிக்கும் எறும்பு ஏறிவிட்டால் மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். அதற்கு முன் ஒரு காலை வேளை எறும்பின் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நிரை கொடியின் நுனிக்கே போகும். அங்கே இளந்தளிரிலும் பூக்காம்பிலும் அழுக்கணவன் கறுப்பாக அப்பிக் கிடக்கும். சாற்றை உறிஞ்சுவது அதுதான்; எறும்பு அல்ல. அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. உணர்கொம்பால் மெல்லத் தட்ட, அழுக்கணவனின் பின்புறத்தில் ஒரு துளி வரும். எறும்பு குடிக்கும். பால் கறப்பது போலத்தான். கூலியாகக் காவலும் செய்கிறது: அழுக்கணவனைத் தின்ன வரும் புள்ளி வண்டைக் கடித்துத் துரத்திவிடும். மருந்தடித்தால் அந்த வண்டும் சேர்ந்து செத்துப்போகும்.

ஆகவே அப்பிய நுனிகளைக் கிள்ளிப் புதைப்போம். மற்றவற்றைத் தண்ணீரை வீசி அடித்துக் கழுவுவோம். கொடியின் அடியிலும் தடியின் அடியிலும் அடுப்புச் சாம்பல் தூவினால் எறும்பு ஏறுவது குறையும். நனைந்தால் திரும்பவும் தூவ வேண்டும். காவல் குறைந்தால் வண்டு தன் வேலையைப் பார்க்கும்.

நாற்றுமேடையில் கவனம் கூடுதலாக வேண்டும். அங்கே எறும்பு விதையையே தூக்கிக்கொண்டு போகும். ஊரிலிருந்து முடிந்துகொண்டு வந்த கத்தரி விதை போனால் அந்த இனமே நம் கையை விட்டுப் போய்விடும். விதைத்த அன்று மாலையும் மறுநாள் காலையும் மேடையைச் சுற்றிப் பார்ப்போம்.

மாமரத்து முசுறு வேறு சாதி. இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டி, மரத்துப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தென்சீனத் தோடைத் தோட்டக்காரர் பல நூற்றாண்டுகளாக இதன் கூடுகளை விலைக்கு வாங்கி மரங்களில் கட்டினார்கள். காய் பறிக்கும்போது கடி வாங்கத்தான் வேண்டும்.